வராத பாக்கியைக் கணக்கில் என்ன செய்வது? டர்பன் வியாபாரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"இன்று ரொக்கம், நாளை கடன்" என்று கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டியிருப்பார்கள். அதற்கு நேர் கீழே தடித்த கடன் நோட்டு ஒன்று கிடக்கும். ஊரில் பார்த்த இந்தக் காட்சியை டர்பனிலும் பார்க்கிறேன். மசாலா, பருப்பு, சூடம், குங்குமம் என்று சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் கடைகளுக்கு மொத்தமாகச் சரக்கு போடுகிறவர், கடன் கொடுக்காமல் ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது. தைப்பூசக் காவடிக்கு முன்னால் வாங்கும் சரக்குக்குக் காவடி முடிந்துதான் பணம் வரும். புரட்டாசிக்கும் அதே கதைதான்.

பிப்ரவரி கடைசியில் ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது நானும் ஒரு மொத்த வியாபாரியும் ஆண்டுதோறும் பேசிக்கொள்வது இது:

"இந்தப் பாக்கி வருமா, வராதா அண்ணாச்சி?"

"வரும் தம்பி."

"எப்போ?"

"அதைத்தான் சொல்ல முடியல."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு இருப்புநிலைக் குறிப்பு எழுத முடியாது. அதை ராண்டாகவும் சென்டாகவும் மாற்றும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். இன்னார் தர வேண்டிய இந்தத் தொகை இனி வராது என்று தெரிந்துவிட்டால் அது வாராக்கடன். அதைக் கடனாளியின் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதைப் போக்கெழுதுதல் என்கிறோம். மொத்தப் பாக்கியில் கொஞ்சம் வராமல் போகும், ஆனால் யாருடையது என்று இப்போது சொல்ல முடியாது என்றால் அது ஐயக்கடன். அதற்காக ஒரு தொகையை ஒதுக்கி வைக்கிறோம். யார் பெயரையும் தொடுவதில்லை. போக்கெழுத ஆதாரம் வேண்டும். ஒதுக்குக்கு நியாயமான ஊகம் போதும். நான் திருத்திக் கொடுத்த கணக்குகளில் பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் வந்தது.

படி 1: பாக்கியை வயதுப்படி அடுக்குங்கள்

பட்டியல் எடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு வாடிக்கையாளர் பாக்கியையும் கூட்டினால் வரும் தொகையும், பேரேட்டில் கடனாளிகள் கணக்கு காட்டும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது. வங்கிக்கு நேராகப் பணம் போட்டவர் குறிப்பில் "பேமெண்ட்" என்று மட்டும் எழுதியிருப்பார். அது யாருடைய பணம் என்று தெரியாமல் ஒரு தற்காலிகக் கணக்கில் தூங்கும். திரும்பி வந்த சரக்குக்குக் கிரெடிட் நோட் போட்டிருக்க மாட்டார்கள். இதையெல்லாம் தீர்க்காமல் ஒதுக்கு கணக்கிட்டால், ஏற்கெனவே கொடுத்துவிட்ட ஆளை "தராதவர்" பட்டியலில் வைப்பீர்கள். அவருக்கு வக்கீல் நோட்டீஸ் வேறு போய்ச் சேர்ந்தால் வியாபாரமும் போகும், உறவும் போகும்.

வயதைப் பில் தேதியிலிருந்து எண்ணாதீர்கள். பணம் தர வேண்டிய கெடு தேதியிலிருந்து எண்ணுங்கள். 30 நாள் தவணை கொடுத்திருந்தால் 31ஆம் நாள்தான் தாமதத்தின் முதல் நாள்.

மென்பொருள்கள் வழக்கமாக 30, 60, 90 என்று பிரித்துத் தரும். தென்னாப்பிரிக்காவில் நான் 60, 120 ஆகிய இரண்டு கோடுகளையும் கட்டாயம் போடச் சொல்வேன். வருமான வரியில் இந்த இரண்டு நாள் கணக்குதான் செல்லும். ஒரே பட்டியல் இரண்டு வேலைக்கும் உதவும்.

படி 2: பெரிய பெயர்களைத் தனியாகப் பாருங்கள்

விகிதம் போடுவதற்கு முன் முதல் பத்து பெயர்களையாவது விரல் வைத்துப் படியுங்கள். ஒரு கோயில் கமிட்டி எப்போதும் 90 நாள் தாமதமாகத்தான் தரும், ஆனால் ஒரு சென்ட் குறையாமல் தரும். அதற்கு 20% ஒதுக்குவது வீண். இன்னொரு கடைக்காரர் நேற்றுவரை கெடு தவறாதவர். இந்த மாதம் திடீரென்று "பில்லை மூணாப் பிரிச்சுப் போடுங்க" என்கிறார், தொலைபேசியை எடுப்பதும் குறைந்துவிட்டது. பட்டியலில் அவர் சுத்தமாகத் தெரிவார். எனக்கு அவர்தான் பயம்.

இப்படிப்பட்டவர்களைப் பொதுப் பட்டியலிலிருந்து எடுத்து, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு வரும் என்று தனித்தனியாக எழுதி, காரணத்தையும் ஒரு வரி எழுதி வையுங்கள். தணிக்கையாளர் கேட்கும்போது அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும்.

படி 3: போனது போனதுதான் என்பவற்றை முதலில் போக்கெழுதுங்கள்

வரிசை முக்கியம். நிச்சயமாக வராததை எடுத்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் ஒதுக்கு கணக்கிட வேண்டும். மாற்றிச் செய்தால் ஒரே பாக்கிக்கு இரண்டு முறை நஷ்டம் எழுதுவீர்கள்.

எது போனது? கடை மூடி ஆள் ஊர் மாறியிருக்க வேண்டும், அல்லது திவாலாகிப் பங்கு எதுவும் வராது என்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது வசூலிக்கும் செலவு பாக்கியைவிட அதிகமாக இருக்க வேண்டும். "கோபம் வந்துவிட்டது" என்பது காரணமாகாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு போடுங்கள்: பில் நகல், கணக்கு அறிக்கை, அனுப்பிய நினைவூட்டல்கள், கடைசியாக அனுப்பிய கோரிக்கைக் கடிதம், போக்கெழுத ஒப்புதல் தந்தவரின் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வசூலுக்குப் போகிறவரும் போக்கெழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு "வரல சார்" என்று கணக்கில் அடித்துவிடுவதுதான் இந்தத் தொழிலில் மிகச் சுலபமான திருட்டு. சின்னக் கடையாக இருந்தால் முதலாளியே கையெழுத்துப் போடட்டும்.

திவால் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இந்த நாட்டின் 1936ஆம் ஆண்டு திவால் சட்டப்படி, திவாலானவரின் சொத்தில் உங்கள் கடனை நிரூபித்துப் பதிவு செய்தபின் சொத்து செலவுக்கே போதாமல் போனால், பற்றாக்குறையில் ஒரு பங்கை உங்களிடமே கேட்கலாம். வர வேண்டிய பணமும் வராமல் கைக்காசும் போகும். சொத்தில் என்ன மிஞ்சும் என்று அதை நிர்வகிக்கும் பொறுப்பாளரிடம் விசாரித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

இனி எண்கள். நம் மொத்த வியாபாரியின் பட்டியல், வாட் (மதிப்புக் கூட்டு வரி) சேர்த்து, 7,01,500 ராண்ட். இதில் சாட்ஸ்வொர்த்தில் இருந்த ஒரு பூஜைப் பொருள் கடையின் பாக்கி 11,500. கடை மூடிக் கிடக்கிறது, உரிமையாளர் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் போய்விட்டார், கடிதங்கள் திரும்பி வந்துவிட்டன. இதைப் போக்கெழுதுகிறோம். மிச்சம் 6,90,000. எல்லாமே 15% வாட் உள்ள சரக்கு என்று கொண்டு வாட்டை நீக்கினால் 6,00,000.

படி 4: மிச்சத்துக்கு விகிதம் கண்டுபிடியுங்கள்

இங்கேதான் ஆட்கள் காற்றிலிருந்து 5% என்று பிடித்துப் போடுகிறார்கள். உங்கள் சொந்த நோட்டிலேயே விடை இருக்கும்போது அது தேவையில்லை.

கடந்த மூன்று வருடக் கடன் விற்பனையை எடுத்துக்கொள்ளுங்கள். வாட் இல்லாமல் 1 கோடி ராண்ட் என்று வைப்போம். அதில் கடைசிவரை வராமலே போனது 1 லட்சம். இப்போது பின்னோக்கி நடங்கள். கெடு தாண்டிய பில்கள் மொத்தம் 33 லட்சம். 30 நாளையும் தாண்டியவை 12.5 லட்சம், 60ஆம் நாளைத் தொட்டவை 5 லட்சம், 120ஆம் நாளைத் தொட்டவை 2 லட்சம். வராமல் போன அந்த 1 லட்சம் இந்த எல்லாக் கட்டங்களையும் தாண்டித்தான் வந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் அதை வகுத்தால் போதும்: 33 லட்சத்துக்குச் சுமார் 3%, 12.5 லட்சத்துக்கு 8%, 5 லட்சத்துக்கு 20%, 2 லட்சத்துக்கு 50%.

இதை நம் பட்டியலில் வைப்போம். தனியாகப் பிரித்தெடுக்க வேண்டிய பெயர் எதுவும் இல்லை என்று கொள்வோம். வாட் நீங்கிய தொகைகள்:

- கெடு இன்னும் வராதவை: 3,00,000. ஒதுக்கு இல்லை.
- 1 முதல் 30 நாள்: 1,20,000, 3% என்றால் 3,600.
- 31 முதல் 59 நாள்: 80,000, 8% என்றால் 6,400.
- 60 முதல் 119 நாள்: 60,000, 20% என்றால் 12,000.
- 120 நாளும் அதற்கு மேலும்: 40,000, 50% என்றால் 20,000.

மொத்தம் 42,000 ராண்ட்.

கெடுவே வராத பில்லுக்கு ஏன் ஒன்றும் வைக்கவில்லை? சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான ஐஎஃப்ஆர்எஸ் (IFRS, சர்வதேச நிதி அறிக்கை) தரத்தைப் பின்பற்றுகிறவர், வியாபாரப் பாக்கியில் நஷ்டம் நேர்ந்ததற்கான அறிகுறி தெரிந்தால்தான் அதை எழுத வேண்டும். கெடு தாண்டியதே ஓர் அறிகுறி. கெடுவே வராத பில்லுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனால் முழு ஐஎஃப்ஆர்எஸ் பின்பற்றும் நிறுவனத்துக்கு 2018 முதல் ஐஎஃப்ஆர்எஸ் 9 வந்துவிட்டது. அது எதிர்பார்க்கும் நஷ்டத்தைப் பில் போட்ட நாளிலிருந்தே எழுதச் சொல்கிறது. 1 கோடி விற்பனையில் 1 லட்சம் போனது, அதாவது 1%. ஆகவே அந்த 3,00,000-க்கும் 3,000 சேர்த்து 45,000 ஆகும். நீங்கள் எந்தத் தரத்தில் கணக்கு எழுதுகிறீர்கள் என்று தணிக்கையாளரிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டால் தீர்ந்தது.

பழைய வருடங்களை அப்படியே நம்பிவிடவும் முடியாது. 2021 ஜூலையில் குவாசுலு-நடாலில் கடைகள் சூறையாடப்பட்டன. 2022 ஏப்ரலில் வெள்ளம் வந்தது. அந்த இரண்டு வருட வாராக்கடனைச் சராசரியில் சேர்த்தால் விகிதம் ஊதிப்போகும். சேர்க்காமல் விட்டால், "இப்படியும் நடக்கும்" என்பதை மறந்தவர்களாவோம். நான் செய்வது இது: அந்த இழப்புகளைத் தனி வரியில் காட்டி, இரண்டு விதமாகவும் விகிதம் போட்டுப் பார்த்து, வாடிக்கையாளர்கள் இப்போது இருக்கும் நிலைக்கு எது பொருந்துகிறது என்று முதலாளியோடு பேசி முடிவெடுப்பேன். முடிவைக் குறிப்பாக எழுதிவிடுவேன்.

படி 5: பதிவுகள்

முதலில் போக்கெழுதும் பதிவு. போன வருடம் ஒதுக்கி வைத்தது 32,000 என்று கொள்வோம்.

ஐயக்கடன் ஒதுக்குக் கணக்கு, பற்று 10,000
வெளியீட்டு வாட் (விற்பனைக்குக் கட்டும் வாட்) கணக்கு, பற்று 1,500
அந்தக் கடையின் கணக்கு, வரவு 11,500

கவனியுங்கள், நஷ்டக் கணக்குக்கு இதில் எதுவும் போகவில்லை. போன வருடமே ஒதுக்கிவிட்டோம், இப்போது அதிலிருந்து எடுக்கிறோம். ஒதுக்கில் மிச்சம் 22,000. நமக்குத் தேவை 42,000. ஆகவே:

இலாப நட்டக் கணக்கு, பற்று 20,000
ஐயக்கடன் ஒதுக்குக் கணக்கு, வரவு 20,000

இந்த இடத்தில் முழு 42,000-ஐயும் செலவாகப் போட்டுவிடுவது எல்லாரும் செய்யும் தவறு. ஒதுக்கு ஒரு தொட்டி மாதிரி. குறைகிற அளவுக்குத்தான் ஊற்ற வேண்டும். தொட்டியில் தேவைக்கு மேல் இருந்தால் மிகுதியை இலாபத்துக்குத் திருப்ப வேண்டும்.

இருப்புநிலைக் குறிப்பில் கடனாளிகள் 6,90,000, கழிக்க ஒதுக்கு 42,000, நிகரம் 6,48,000.

போக்கெழுதுவதற்குப் பதிலாகக் கிரெடிட் நோட் போட்டுப் பாக்கியை அழிப்பவர்களும் உண்டு. வேண்டாம். கிரெடிட் நோட் என்றால் சரக்கு திரும்பி வந்தது அல்லது விலை குறைந்தது என்று பொருள். இங்கே இரண்டும் நடக்கவில்லை.

படி 6: வாட்டைத் திரும்பப் பெறுங்கள்

இதில்தான் காசு இருக்கிறது, இதைத்தான் மறக்கிறார்கள். பில் போட்ட காலகட்டத்தின் ரிட்டர்னிலேயே 15% வாட்டை வரித்துறையான சார்ஸுக்குக் (SARS) கட்டிவிட்டீர்கள். வாடிக்கையாளர் அதை உங்களுக்குத் தரவே இல்லை. வாட் சட்டத்தின் 22ஆம் பிரிவு அந்த வரியைக் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. விற்பனையை ரிட்டர்னில் காட்டி வரி கணக்கிட்டிருக்க வேண்டும். பாக்கியைப் புத்தகத்தில் உண்மையாகவே போக்கெழுதியிருக்க வேண்டும். வெறும் ஒதுக்குக்கு வாட் திரும்பாது. 11,500-இல் 15/115 பங்கு, அதாவது 1,500, மேலே பற்று எழுதியது இதுதான்.

பணம் கைக்கு வந்த பிறகே வாட் கணக்கிடும் முறையில் பதிவு செய்தவருக்கு இந்தக் கழிவு கிடையாது. வராத பணத்துக்கு அவர் வாட் கட்டவே இல்லையே.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். ஒரு மளிகைக் கடையின் 11,500 பாக்கியைப் போக்கெழுதி, கண்ணை மூடிக்கொண்டு 15/115 போட்டேன். பிறகு பில்களைப் புரட்டினால் பாதி அரிசியும் பருப்பும். இந்த நாட்டில் அரிசி, பருப்பு, காய்கறி, பழம், முட்டை, பால், தாவர எண்ணெய் போன்ற அடிப்படை உணவுகளுக்குச் சுழிய விகித வாட். அந்த 5,750-க்கு வரி கட்டவே இல்லை. அதில் எதைத் திரும்பக் கேட்பது? மசாலாவும் சூடமும் இருந்த மற்றொரு 5,750-இல் 750 மட்டுமே உரிமை. ரிட்டர்னைத் திருத்திக் கொடுத்தேன். அன்றிலிருந்து போக்கெழுதும் ஒவ்வொரு பாக்கிக்கும் பில் பில்லாகப் பிரித்துப் பார்க்கிறேன். மளிகையில் இருக்கிற நம் ஆட்கள் எல்லாருக்கும் இது பொருந்தும்.

அதே 22ஆம் பிரிவுக்கு மறுபக்கமும் உண்டு. உங்கள் சப்ளையருக்கு நீங்கள் 12 மாதமாகப் பணம் தரவில்லை என்றால், அவர் பில்லுக்காக நீங்கள் கழித்துக்கொண்ட உள்ளீட்டு வாட்டை (வாங்கிய சரக்கின் வாட்டை) திருப்பிக் கட்ட வேண்டும்.

படி 7: வருமான வரிக்குத் தனிக் கணக்கு

வருமான வரிச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, (ஐ) உட்பிரிவுப்படி, போக்கெழுதிய வாராக்கடன் முழுவதும் கழிவு. ஆனால் அந்தத் தொகை இந்த வருடமோ முன்போ உங்கள் வருமானத்தில் சேர்ந்திருக்க வேண்டும். கடன் இந்த வருடத்தில் வாராக்கடன் ஆகியிருக்க வேண்டும். வாட் வருமானத்தில் சேராதது. ஆகவே கழிவு 10,000 தான். 11,500 என்று போட்டால் தவறு. நண்பருக்கு நீங்களாகக் கொடுத்ததைக் "கடன் போச்சு" என்று போடுவதும் இங்கே செல்லாது, வருமானத்தில் சேராத பணம் அது.

ஒதுக்குக்கு (ஜே) உட்பிரிவு. ஐஎஃப்ஆர்எஸ் 9 பின்பற்றாதவருக்கு, 60 முதல் 119 நாள் வரை தாமதமானதில் 25%, 120 நாளும் அதற்கு மேலும் தாமதமானதில் 40% என்று சட்டமே விகிதம் வைத்திருக்கிறது. பாக்கிக்கு ஈடு இருந்தால் அதன் மதிப்பை முதலில் கழித்துக்கொள்ள வேண்டும். நம் எண்களில் 60,000-க்கு 15,000, 40,000-க்கு 16,000, ஆக 31,000. புத்தகத்தில் 42,000, வரிக்கு 31,000. மிச்ச 11,000-க்கு வரியில் கழிவு கிடையாது. இந்த 31,000-மும் நிரந்தரம் இல்லை. அடுத்த வருடம் வருமானத்தில் திரும்பச் சேர்த்துவிட்டு, அப்போதைய பட்டியலுக்குப் புதிதாகக் கணக்கிட வேண்டும். ஐஎஃப்ஆர்எஸ் 9 நிறுவனங்களுக்கு வேறு சூத்திரம். அதை உங்கள் வரி ஆலோசகரே போடட்டும்.

படி 8: போக்கெழுதிய பிறகும் விடாதீர்கள்

போக்கெழுதினால் கடன் தீர்ந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. அது உங்கள் புத்தகத்துக்குள் நடக்கும் விஷயம். அவர் உங்களுக்குத் தர வேண்டியது தர வேண்டியதுதான்.

ஆனால் காலக் கெடு ஓடிக்கொண்டிருக்கும். 1969ஆம் ஆண்டு காலாவதிச் சட்டப்படி, சாதாரண வியாபாரக் கடன் கெடு தேதியிலிருந்து மூன்று வருடத்தில் காலாவதியாகிவிடும். கடனாளி இடையில் கடனை ஒப்புக்கொண்டால் மூன்று வருடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சம்மன் கொடுத்தாலும் கெடு தடைபடும். ஒப்புதல் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஆனால் எழுத்தில் இருந்தால் நிரூபிப்பது சுலபம். "அண்ணா, அடுத்த மாசம் கொஞ்சம் தர்றேன்" என்று வந்த வாட்ஸ்ஆப் செய்தியை அழிக்காமல் சேமித்து வையுங்கள்.

சின்னத் தொகைக்குச் சிறு உரிமை நீதிமன்றம் இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் 20,000 ராண்ட் வரை, வக்கீல் கிடையாது, நீங்களே போய்ப் பேச வேண்டும். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: தனிநபர்தான் அங்கே வழக்குப் போட முடியும். கம்பெனி பெயரில் பில் போட்டிருந்தால் கம்பெனி அங்கே வழக்குத் தொடர முடியாது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். சொந்தப் பெயரில் வியாபாரம் செய்கிறவருக்கு அந்தத் தடை இல்லை.

அப்புறம், சில நேரம் பணம் வந்தும்விடும். அந்தச் சாட்ஸ்வொர்த் கடைக்காரரின் மகன் எட்டு மாதம் கழித்து வந்து 4,600 ராண்ட் கொடுத்தார் என்று வைப்போம். பழைய கணக்கைத் திறந்து மறுபடி பாக்கி எழுத வேண்டாம்.

வங்கிக் கணக்கு, பற்று 4,600
வாராக்கடன் மீட்புக் கணக்கு, வரவு 4,000
வெளியீட்டு வாட் கணக்கு, வரவு 600

600-ஐ அந்தக் காலகட்ட வாட் ரிட்டர்னில் கட்ட வேண்டும், ஏனென்றால் முன்பு அதைக் கழித்துக்கொண்டோம். 4,000 அந்த வருட வருமானம், அதற்கு வரியும் உண்டு. ரசீதில் பழைய பில் எண்களை எழுதிக் கொடுங்கள். மிச்சம் 6,900 என்று அதிலேயே குறிப்பிட்டு அவர் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். மகன் அப்பாவின் சார்பில்தான் தந்தார் என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள், அப்பாவின் ஒப்புதலாக அது நிற்கும். அவரே புதுக் கடை திறந்து சரக்கு கேட்டால் கொடுங்கள், ரொக்கத்துக்கு.